சில்வியா பாங்க்ஹர்ஸ்டின் இளமைக்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்த போராட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது எம்மெலின் பாங்க்ஹர்ஸ்ட் என்ற பெயர் எப்படியும் வந்துவிடும். அவருடைய இரண்டாவது மகள் சில்வியாவுக்குப் பல இடங்களில் ஒரே ஒரு வரிதான் கிடைக்கிறது. அந்த ஒரு வரி போதாது என்பதால்தான் இந்தப் பக்கம். 1882இல் அவர் பிறந்ததில் தொடங்கி, முப்பது வயதில் கிழக்கு லண்டனில் போய் நின்ற நாள் வரைக்குமான கதை இது.

சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் யார்?

ஓவியர், சோசலிஸ்ட், பெண்ணுரிமைப் போராளி. முதல் உலகப் போரை எதிர்த்தவர். பின்னாளில் முசோலினியின் எத்தியோப்பியப் படையெடுப்புக்கு எதிராகப் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசிக் காலத்தில் அடிஸ் அபாபாவுக்கே குடிபோய், 1960 செப்டம்பர் 27 அன்று அங்கே இறந்தார். ஆனால் அவருடைய கொள்கைகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டுமானால் மான்செஸ்டருக்குத்தான் போக வேண்டும்.

எங்கே பிறந்தார்? குடும்பம் எப்படிப்பட்டது?

மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு பகுதியில் 1882 மே 5 அன்று பிறந்தார். முழுப்பெயர் எஸ்டெல் சில்வியா பாங்க்ஹர்ஸ்ட். அக்கா கிறிஸ்டபெல், தங்கை அடிலா. ஃபிராங்க், ஹாரி என்று இரண்டு தம்பிகள்.

அப்பா ரிச்சர்ட் பாங்க்ஹர்ஸ்ட் ஒரு பாரிஸ்டர். சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் என்பதாலும் கருத்துகளில் தீவிரமானவர் என்பதாலும் ஊரில் அவரைச் 'சிவப்பு டாக்டர்' என்றே சொல்வார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கோரி 1870இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்த முதல் மசோதாவை எழுதியவர் அவர்தான். திருமணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை தந்த சட்டத்துக்காகவும் உழைத்தார். மூன்று முறை தேர்தலில் நின்று மூன்று முறையும் தோற்றார். மன்னராட்சி வேண்டாம், பிரபுக்கள் சபை வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசியதால் கட்சிக்காரர்களில் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள், வழக்குகளும் குறைந்தன.

அம்மா எம்மெலின், துணிக்கு அச்சிடும் தொழில் நடத்திய ஒருவரின் மகள். கணவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். வீட்டில் கிறிஸ்டபெல் அம்மாவின் செல்லம், சில்வியா அப்பாவின் மகள். பின்னாளில் அந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்ததற்கு அரசியல் காரணங்கள் நிறைய உண்டு. ஆனாலும் இந்தச் சின்ன வயசுக் கணக்கையும் மறந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

வசதியான வீட்டுப் பெண்தானே? ஏழ்மையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

இந்தக் கேள்வி நியாயமானது. வேலைக்காரர்கள் இருந்த வீடு, புத்தகங்கள் நிறைந்த வீடு. ஆனால் காசு நிலையாக இருந்ததில்லை. 1880களின் நடுவில் குடும்பம் லண்டனுக்குப் போனது. கணவர் அரசியலில் இருக்க வேண்டுமானால் வருமானம் வேண்டுமே என்று எம்மெலின் அங்கே அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். அது நஷ்டத்தில்தான் ஓடியது.

அந்த வீட்டில்தான் 1888இல் தம்பி ஃபிராங்க் நான்கு வயதில் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடைதான் காரணம் என்று தெரியவந்தது. அப்போது சில்வியாவுக்கு ஆறு வயது. பணம் இல்லாத தெருக்களில் சாக்கடை எப்படி இருக்கும், அங்கே குழந்தைகள் எப்படிச் சாகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டிலேயே பார்த்துவிட்டார்.

அந்த லண்டன் வீட்டுக்கு அன்னி பெசன்ட் வந்திருக்கிறாரா?

ஆமாம். ஃபிராங்கின் சாவுக்குப் பிறகு ரஸ்ஸல் சதுக்கத்தில் ஒரு வீட்டுக்கு மாறினார்கள். அந்த வீட்டுக் கூடம் கிட்டத்தட்ட ஒரு கூட்ட அரங்காகவே ஆகிவிட்டது. 1871இல் பாரிஸில் நடந்த பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சியில் போராடிய லூயிஸ் மிஷேல் வந்தார். 1892இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான தாதாபாய் நௌரோஜி வந்தார். அன்னி பெசன்ட்டும் வந்தார். அடையாற்றுக்கும் பிரம்மஞான சபைக்கும் உரியவராக நாம் அறிந்த பெசன்ட் இல்லை அவர். 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற சோசலிஸ்ட் பெசன்ட். அந்த வேலைநிறுத்தத்துக்கு எம்மெலினும் ஆதரவு திரட்டினார். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே குழந்தைகள் நாற்காலிகளை ஒழுங்கு செய்வார்கள், துண்டறிக்கை கொடுப்பார்கள்.

பிறருக்காக உழைக்காவிட்டால் உங்களை வளர்த்ததற்கே பலன் இல்லை என்று அப்பா பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வாராம். சில்வியா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க ஓய்வே எடுக்காமல் இருந்ததற்கும், சும்மா இருக்கும் நேரத்தில் குற்ற உணர்வில் தவித்ததற்கும் அந்தச் சொல்தான் வேர் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்குப் போனாரா?

பத்து வயது தாண்டும் வரை பெரும்பாலும் வீட்டில்தான் படிப்பு. பிறகு சவுத்போர்ட்டிலும் மான்செஸ்டரிலும் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளில் படித்தார். பள்ளி அவருக்கு ஒத்துவரவில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத அப்பாவின் மகள், கூச்ச சுபாவம் வேறு. ஓவிய வகுப்பு மட்டும்தான் பிடித்தது.

சோசலிசத்துக்குள் எப்படி வந்தார்?

குடும்பத்தோடு சேர்ந்தே வந்தார். 1893இல் சுதந்திர தொழிலாளர் கட்சி தொடங்கப்பட்டது. அதே காலத்தில் மான்செஸ்டருக்குத் திரும்பிய பாங்க்ஹர்ஸ்ட் குடும்பம் அதில் சேர்ந்தது. 1894 கடைசியில் எம்மெலின் சோர்ல்டன் பகுதியின் ஏழைகள் காப்பு வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வழியற்றவர்களை அடைத்து வைத்து வேலை வாங்கிய விடுதிகள் அந்த வாரியத்தின் பொறுப்பில் இருந்தன. ஏழு எட்டு வயதுச் சிறுமிகள் குளிரில் முட்டிபோட்டுக் கல்தரையைத் தேய்ப்பதை அங்கே பார்த்துவிட்டு வந்தார் அம்மா. பார்த்ததெல்லாம் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மான்செஸ்டரில் வேலையின்மை கடுமையாக இருந்தது. வேலை இல்லாதவர்களுக்குத் தினமும் உணவு கொடுக்க ஏற்பாடு நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில்வியா அப்பாவோடு தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போவார். அப்பா ஒரு நாற்காலியில் ஏறி நின்று பேசுவார். பக்கத்தில் நின்றுகொண்டு சில்வியா கேட்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். பேச்சைவிட அந்த முகங்கள்தான் அவருக்குள் தங்கின. ஓவியக் கண் அப்போதே வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

அப்புறம் 1896. பாகர்ட் ஹோல் கிளஃப் என்ற திறந்தவெளியில் கட்சி கூட்டம் நடத்தக் கூடாது என்று மான்செஸ்டர் நகராட்சி தடை போட்டது. மீறிப் பேசியவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். எம்மெலின் போய்ப் பேசினார். கூட்டம் ஆயிரக்கணக்கில் திரண்டது. விரித்த குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மக்கள் போட்ட செப்புக் காசுகளை வாங்கினார்கள். சில்வியாவுக்கு அப்போது பதினான்கு வயது, அவரும் காசு திரட்டினார். அம்மா சிறைக்குப் போகக்கூடும் என்று தெரிந்தே அங்கே நின்றார். கடைசியில் எம்மெலினை அடைக்க அதிகாரிகளுக்குத் துணிவு வரவில்லை, தடையும் நிலைக்கவில்லை.

இதே காலத்தில் அக்காவும் தங்கையுமாக சோசலிஸ்டுகளின் கிளாரியன் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தார்கள். கிறிஸ்டபெலுக்கு விலை உயர்ந்த புது சைக்கிள். சில்வியாவுக்குத் தோழர் ஒருவர் குழாய்களை வைத்து மலிவாகச் செய்து கொடுத்த சைக்கிள். மேட்டில் ஏறும்போது அக்கா முன்னால் போய்விடுவார், இவர் மூச்சு வாங்கப் பின்னால் வருவார். பிற்காலத்தை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் மனசு கனக்கிறது.

அப்பா இறந்தபோது என்ன நடந்தது?

1898 ஜூலையில் எம்மெலினும் கிறிஸ்டபெலும் ஜெனிவாவில் இருந்தார்கள். வீட்டில் அப்பாவும் சின்னப் பிள்ளைகளும் மட்டும். பதினாறு வயது சில்வியாதான் பொறுப்பு. திடீரென்று அப்பாவுக்குக் கடும் வயிற்றுவலி. இரைப்பைப் புண் வெடித்திருந்தது. சில்வியா பக்கத்திலேயே இருந்தார். அம்மாவுக்குத் தந்தி போனது. ஜூலை 5 அன்று அப்பா இறந்தார்.

எம்மெலின் ரயிலில் வந்துகொண்டிருந்தபோது எதிரே இருந்தவர் கையில் கறுப்புக் கட்டம் போட்ட செய்தித்தாள். கணவர் இறந்த செய்தியை அதில்தான் பார்த்தார். டாக்டரை இன்னும் சீக்கிரம் கூப்பிட்டிருக்க வேண்டுமோ என்ற எண்ணம் சில்வியாவை நெடுநாள் விடவில்லை. பதினாறு வயதில் யாரும் சுமக்கக் கூடாத சுமை அது.

அப்பா விட்டுப்போனது கடன். பெரிய வீட்டை விட்டு 62 நெல்சன் தெருவுக்கு மாறினார்கள். அம்மாவுக்குப் பிறப்பு இறப்புப் பதிவாளர் வேலை கிடைத்தது. தொழிலாளிப் பெண்கள் வேலை முடிந்து வர வசதியாக மாலையிலும் அலுவலகத்தைத் திறந்து வைத்தார். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்கூடத் தாங்கள் பெற்ற குழந்தையைப் பதிவு செய்ய அங்கே வந்தார்கள்.

ஓவியம் எப்படி வந்தது?

சின்ன வயதிலிருந்தே வரைந்துகொண்டிருந்தார். சித்திரங்களைப் பார்த்து மான்செஸ்டர் ஓவியப் பள்ளியில் இலவசமாகப் படிக்க இடம் கொடுத்தார்கள். முதலில் முழு நேரம் போக முடியவில்லை, அம்மா மறுபடி திறந்த கடையில் உதவ வேண்டியிருந்தது. பிறகு பரிசும் பதக்கமும் வாங்கி, 1902இல் பயண உதவித்தொகையோடு வெனிஸ் போனார். புனித மார்க் பேராலயத்தின் மொசைக் சித்திரங்களைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தார். அங்கே கலைக்கழகத்தில் மனித உருவம் வரையும் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். அவர் வாழ்க்கையில் முழுக்க முழுக்கத் தனக்கென்று இருந்த காலம் அந்தச் சில மாதங்கள்தான்.

'பாங்க்ஹர்ஸ்ட் மண்டபம்' சம்பவம் என்ன?

சில்வியாவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் சுதந்திர தொழிலாளர் கட்சிக்காரர்கள் ஒரு மண்டபம் கட்டினார்கள். மறைந்த தோழரின் நினைவாக அதற்கு 'பாங்க்ஹர்ஸ்ட் மண்டபம்' என்று பெயர். சுவர்களை அலங்கரிக்கும் வேலையை 1903இல் சில்வியாவிடம் கொடுத்தார்கள். வெனிஸிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். மயில் தோகை, அல்லி, ரோஜா, கதிர் என்று அப்பா சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு நற்குணத்துக்கும் ஒரு குறியீடு வைத்து வரைந்தார். இருபத்தோரு வயதுப் பெண், சாரத்தில் ஏறி, அப்பாவின் நினைவுக்காகக் கூலி வாங்காமல் செய்த வேலை.

வேலை முடியும் நேரத்தில்தான் தெரிந்தது, மண்டபத்தைப் பயன்படுத்தும் அந்தக் கட்சிக் கிளையின் மன்றத்தில் பெண்கள் உறுப்பினராக முடியாது. பெண்களின் வாக்குரிமைக்கு முதல் மசோதா எழுதியவர் பெயரில் மண்டபம், அவர் மகள் வரைந்த சுவர், அந்தப் பெண்ணுக்கு உள்ளே இடம் இல்லை. அதுவும் எதிரிக் கட்சியில் இல்லை, சொந்தத் தோழர்களிடம்.

எம்மெலின் கொதித்துப் போனார். இவ்வளவு நாள் இந்தக் கட்சிக்கு உழைத்தது வீண் என்றார். 1903 அக்டோபர் 10 அன்று நெல்சன் தெரு வீட்டுக் கூடத்தில் 'பெண்கள் சமூக அரசியல் சங்கம்' பிறந்தது. 'சஃப்ரஜெட்' என்று உலகம் முழுக்கப் பின்னால் பேசப்பட்டவர்கள் இவர்கள்தான். சங்கம் பிறக்க இது ஒன்றே காரணம் இல்லை, கிறிஸ்டபெல் ஏற்கெனவே கட்சியைக் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பொறி விழுந்தது இங்கேதான்.

இதில் கவனிக்க வேண்டியது: இந்த அவமானத்திலிருந்து அம்மாவும் அக்காவும் எடுத்துக்கொண்ட பாடம், தொழிலாளர் இயக்கத்தை நம்ப முடியாது என்பது. வேலை செய்தது சில்வியாவின் கை, அவமானமும் அவருக்குத்தான் நேராக விழுந்தது. ஆனாலும் தொழிலாளர் இயக்கத்தை அவர் விடவில்லை, அதைத் திருத்த வேண்டும் என்றுதான் நினைத்தார். பத்து வருஷம் கழித்து நடந்த பிரிவு அந்த மண்டபத்திலேயே தொடங்கிவிட்டது.

லண்டனில் படித்தபோதும் பிரச்சினை செய்தாராமே?

1904இல் நாட்டளவிலான போட்டியில் வென்று ராயல் கலைக் கல்லூரிக்கு உதவித்தொகையோடு வந்தார். அங்கே உதவித்தொகைகள் ஏன் ஆண்களுக்கே போகின்றன என்று கேட்டார். கல்லூரியில் சரியான பதில் வரவில்லை. குடும்ப நண்பரும் நாடாளுமன்ற உறுப்பினருமான கெயர் ஹார்டியிடம் சொல்லி, சபையிலேயே கேள்வி எழுப்ப வைத்தார். பதில் வந்தது: 16 உதவித்தொகைகளில் பெண்களுக்குக் கிடைத்தவை 3. ஒரு மாணவி இப்படிச் செய்தால் பேராசிரியர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதற்காக அவர் பின்வாங்கவில்லை.

கெயர் ஹார்டிக்கும் அவருக்கும் என்ன உறவு?

ஹார்டி சுரங்கத்தில் வேலை பார்த்து வளர்ந்தவர், சுதந்திர தொழிலாளர் கட்சியின் தலைவர். சில்வியா சிறுமியாக இருந்தபோதே வீட்டுக்கு வந்துபோனவர். லண்டனில் தனியாக, காசில்லாமல் இருந்த சில்வியாவுக்கு அவர்தான் துணை. நட்பு காதலாகவும் ஆனது. ஹார்டி சில்வியாவைவிட இருபத்தாறு வயது மூத்தவர், மணமானவர். கடிதங்களும் கவிதைகளும் இருக்கின்றன. இந்த உறவு அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, வலியாகவும் இருந்தது. அவ்வளவு போதும். சில்வியாவின் அரசியலை ஹார்டியின் நிழலாகக் காட்டும் எழுத்துகள் எனக்கு ஒப்புதலில்லை. ஹார்டியிடம் வருவதற்கு முன்பே அவர் பாகர்ட் ஹோல் கிளஃபில் நின்றவர்.

முதன்முதலில் எப்போது சிறைக்குப் போனார்?

1906 அக்டோபரில். நாடாளுமன்றத்தில் கைதான பெண்களின் வழக்கை முறையாக நடத்தவில்லை என்று நீதிமன்றத்தில் எதிர்த்துக் கேட்டார், அவரையும் பிடித்தார்கள். ஹாலோவே சிறையில் 14 நாள். அங்கே கண்டதை வரைந்து வெளியே வந்து பத்திரிகையில் வெளியிட்டார். அம்புக்குறி போட்ட சிறை உடை, தலைக்குல்லாய், சிறிய அறை. தங்களோடு உள்ளே இருந்த ஏழைப் பெண்களின் நிலை அவரை மிகவும் உலுக்கியது.

1907 பயணம் ஏன் முக்கியம் என்கிறார்கள்?

படிப்பு முடிந்தது, கையில் பணம் இல்லை. சங்கத்தின் லண்டன் கௌரவச் செயலாளர் பொறுப்பையும் விட்டிருந்தார். 1907இல் பல மாதங்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் வட பகுதியிலும் ஸ்காட்லாந்திலும் தொழில் நடக்கும் ஊர் ஊராகப் போய், வேலை செய்யும் பெண்களைப் பார்த்து வரைந்தார், அவர்களோடு பேசி எழுதினார்.

கிராட்லி ஹீத்தில் பெண்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைகளில் உலை மூட்டி, சம்மட்டியால் இரும்புச் சங்கிலி அடித்தார்கள். கைக்குழந்தை பக்கத்திலேயே கிடக்கும். (மூன்று வருஷம் கழித்து, 1910இல், அதே பெண்கள் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து கூலியை உயர்த்திக்கொண்டார்கள்.) ஸ்டாஃபோர்டுஷயரின் பீங்கான் தொழிற்சாலைகளில் மெருகுப் பூச்சில் ஈயம். அந்த நஞ்சு பெண்களின் உடம்பில் ஏறிக் கருச்சிதைவு வரைக்கும் கொண்டுபோனது. ஆண் தொழிலாளிக்குச் சக்கரம் சுற்றிக் கொடுப்பது அங்கே பெண்ணின் வேலை, கூலியையும் அந்த ஆணே கொடுப்பான். லெஸ்டரில் காலணித் தொழிற்சாலைகள். ஸ்கார்பரோ கடற்கரையில் மீன்கூட்டத்தைத் தொடர்ந்து ஸ்காட்லாந்திலிருந்து வந்த பெண்கள், கத்தியும் உப்பும் அறுக்காமல் இருக்க விரல்களில் துணிக்கிழிசல் சுற்றிக்கொண்டு ஹெர்ரிங் மீனின் குடலெடுத்தார்கள். பெர்விக்‌ஷயர் வயல்களில் உருளைக்கிழங்கு பொறுக்கும் பெண்கள். கிளாஸ்கோ நூற்பாலையில் வெக்கையும் இரைச்சலும் தாங்காமல் வரைந்துகொண்டிருந்தவருக்கே மயக்கம் வந்தது. அந்த வெக்கையில்தான் சிறு பெண்கள் நாள் முழுக்கப் பாபின் (நூல் சுற்றும் கட்டை) மாற்றினார்கள்.

இந்தச் சித்திரங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். பெண்கள் யாரும் நம்மைப் பார்த்து இரக்கம் கேட்கவில்லை. அவர்கள் கண் கையில் இருக்கும் வேலையில் இருக்கிறது. அந்த வேலையின் லாவகம் கோட்டில் வந்திருக்கிறது. அழகாக்கவும் இல்லை, அலங்கோலப்படுத்தவும் இல்லை. பெண்ணுக்கு நுணுக்கமான வேலை வராது, பளுவான வேலையும் வராது என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் இவை சாட்சிப் பத்திரங்கள். இவற்றில் சில இன்று லண்டன் டேட் காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன.

சரி, வாக்குரிமைக்கும் இந்தப் பெண்களுக்கும் என்ன தொடர்பு?

சில்வியா கேட்ட கேள்வியே இதுதான். அன்றைக்கு பிரிட்டனில் ஆண்களிலேயே சுமார் ஐந்தில் இரண்டு பேருக்கு வாக்கு கிடையாது, சொத்தும் குடியிருப்பும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஆண்களுக்கு உள்ள அதே நிபந்தனையில் பெண்களுக்கும் கொடுங்கள் என்பது அம்மா, அக்காவின் கோரிக்கை. அப்படிக் கொடுத்தால் கிராட்லி ஹீத்தில் சங்கிலி அடிப்பவளுக்கு என்ன கிடைக்கும்? அனேகமாக ஒன்றுமில்லை. எல்லோருக்கும் வாக்கு என்பதே சில்வியாவின் நிலை.

அதே சமயம், முதலில் கூலி, பிறகு பார்க்கலாம் வாக்கு என்று சொன்ன சோசலிஸ்ட் ஆண்களிடமும் அவர் ஒத்துப்போகவில்லை. கூலி குறைவாக இருப்பதற்கே குரல் இல்லாததுதான் காரணம் என்பதைப் பீங்கான் ஆலையில் கண்ணால் பார்த்து வந்தவர். அவர் முதலில் சோசலிஸ்டா, முதலில் பெண்ணியவாதியா என்று பிரித்துக் கேட்பவர்களுக்கு என் பதில்: அந்த இரண்டும் அவருக்குத் தனித்தனியாக வந்து சேரவே இல்லை.

ஓவியத்தை ஏன் விட்டார்?

உடனே விடவில்லை. சங்கத்தின் எக்காளம் ஊதும் தேவதைச் சின்னம், சிறை சென்றவர்களுக்குத் தந்த ஹாலோவே பதக்கம் இரண்டும் அவர் வடிவமைத்தவை. 1909இல் லண்டனில் நடந்த பெண்கள் கண்காட்சிக்கு இருபது அடி உயரச் சுவர்ச்சித்திரங்கள் செய்தார். ஆனால் சுற்றிலும் இவ்வளவு துன்பம் இருக்கும்போது படம் வரைந்துகொண்டிருப்பது சரிதானா என்ற கேள்வி கல்லூரி நாளிலிருந்தே அவரைக் குடைந்தது. 1910இல் தம்பி ஹாரி இருபது வயதில் இளம்பிள்ளைவாதத்தால் இறந்தான். அவனருகிலும் சில்வியா இருந்தார். அதற்குப் பிறகு எழுத்தும் மேடையும் கூடின, தூரிகை மெல்ல மெல்லக் கைநழுவியது. பெரிய ஓவியராக வந்திருக்க வேண்டியவர். இந்த இழப்பை நினைத்து எனக்கு வருத்தம் தீர்ந்ததே இல்லை.

இந்தியாவோடு தொடர்பு உண்டா?

நௌரோஜி வீட்டுக்கு வந்துபோனது குழந்தைப் பருவத்தில். பிறகு 1926இல் இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் ஒன்று பம்பாயில் வெளியானது.

கிழக்கு லண்டனுக்கு எப்போது போனார்?

1912இல். துறைமுகக் கூலிகளும் தையல் வேலை செய்யும் பெண்களும் நெருக்கியடித்து வாழ்ந்த 'போ' (Bow) என்ற பகுதிக்கு. கிறிஸ்டபெல் அப்போது கைதுக்குத் தப்பி பாரிஸில் இருந்தார். ஏழைப் பெண்களைத் திரட்டி என்ன பயன், நாம் தேர்ந்தெடுத்த சிலரே போதும் என்பது அவர் எண்ணம். 1914 தொடக்கத்தில் சில்வியாவைப் பாரிஸுக்கு அழைத்து, அம்மா பக்கத்தில் இருக்க, சங்கத்தை விட்டு வெளியே போகச் சொன்னார்.

ஆனால் 1912இல் அதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. 'போ' சாலையில் காலியாகக் கிடந்த பழைய ரொட்டிக்கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். சில்வியா ஏணி போட்டு ஏறி, கடையின் நெற்றியில் 'பெண்களுக்கு வாக்கு' என்று தங்கநிற எழுத்தில் தானே தீட்டினார். கீழே தெருவில் பெண்களும் பிள்ளைகளும் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.